எண் மட்டும் உள்ள ஆட்டக்காரர்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் வெளியூரார் தூணையும் கதவையும் பேரம் பேசிக்கொண்டிருக்க, பழைய தபால்தலைகளைத் தேடி வருவோரும் சிலர் உண்டு. பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிற்ற குடும்பங்களின் பூமி இது. ஆகவே வெள்ளை மன்னர்களின் தலைகளுக்குப் பஞ்சமில்லை. சுதந்திர இந்தியாவின் தலைகளும் நம் வட்டாரத்தை மறந்துவிடவில்லை. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாருக்கு 1980இலும், மருது சகோதரர்களுக்கு 2004இலும், ஏவி.எம். மெய்யப்பனுக்கு 2006இலும், வள்ளல் அழகப்பருக்கு 2007இலும், வேலு நாச்சியாருக்கு 2008இலும் தலை வெளியிடப்பட்டது. ஆண்டவர்கள், கொடுத்தவர்கள், படைத்தவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். அதில் எனக்கு வழக்கு எதுவுமில்லை. வழக்கெல்லாம் விளையாடியவர்களைப் பற்றியது.

தபால்தலை என்பது அரசின் நினைவு. யாரை நினைப்பது, எப்படி நினைப்பது என்று அரசு எடுத்த முடிவு அந்த ஓர் அங்குலத் தாளில் அச்சாகிறது. விளையாட்டு விஷயத்தில் அந்த முடிவுகளைப் பாருங்கள். ரஞ்சித்சிங்ஜிக்கு 1973இல் ஒரு தலை. தியான் சந்துக்கு 1980இல். சி.கே. நாயுடு, தேவ்தர், விஜய் மெர்ச்சன்ட், வினு மன்கட் ஆகிய நால்வருக்கும் 1996இல் ஒரு வரிசை. கால்பந்து வீரர் கோஷ்டோ பாலுக்கு 1998இல். அணிகளையும் மறக்கவில்லை. 1966 ஆசியப் போட்டியில் வென்ற ஹாக்கி அணியின் வெற்றிக்கு அவ்வாண்டே ஒரு தலை வந்தது. 1911இல் வெள்ளையர் அணியைத் தோற்கடித்த மோகன் பகான் சங்கத்தின் நூற்றாண்டுக்கு 1989இல் ஒன்று வந்தது. எல்லாம் தகுதியுள்ள பெயர்களே.

1990இல் பெய்ஜிங் ஆசியப் போட்டியில் கபடி முதன்முறையாகப் பதக்க விளையாட்டானது. இந்தியா தங்கம் வென்றது. அப்போது வெளியான வரிசையில் கபடிக்கும் ஒரு தலை இருந்தது. ஆட்டத்தின் பெயர் இருந்தது, ஆடும் உருவங்கள் இருந்தன, ஆட்டக்காரன் பெயர் இல்லை. வெள்ளைக்காரன் கற்றுத்தந்த ஆட்டத்தில் சிறந்தவன் ஆளுமை, நம் மண்ணின் ஆட்டத்தில் சிறந்தவன் வெறும் உருவம். இந்தப் பாகுபாட்டை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. நமது பழக்கமே அதை எழுதிவிட்டது.

அயர்லாந்தைப் பாருங்கள். அங்கே கேலிக் கால்பந்து என்றொரு ஆட்டம் உண்டு. உலகில் வேறெங்கும் பெரிதாக ஆடப்படாத, ஊர்ச் சங்கங்களை வேராகக் கொண்ட, ஊதியமில்லாத ஆட்டம். 1884இல் தோன்றிய கேலிக் விளையாட்டுச் சங்கம் அதைப் பேணுகிறது. 1920 நவம்பர் 21 அன்று டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில் பிரிட்டிஷ் படையினர் சுட்டதில் 14 பேர் இறந்தார்கள். அவர்களில் ஆடிக்கொண்டிருந்த மைக்கேல் ஹோகனும் ஒருவர். இன்று அம்மைதானத்தின் ஒரு பார்வையாளர் மாடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1999இல் அயர்லாந்து அஞ்சல் துறை, ‘ஆயிரமாண்டின் அணி’ என்று தேர்ந்தெடுக்கப்பட்ட 15 கேலிக் கால்பந்து வீரர்களுக்கும் ஆளுக்கொரு தலை வெளியிட்டது. அவர்களில் ஒருவர் மிக் ஓ’கானல். வாலன்ஷியா தீவுக்காரர், தந்தி நிலையத்தில் வேலை பார்த்தவர், படகில் கரைக்கு வந்து ஆடிவிட்டுத் திரும்பியவர். தலை வெளியானபோது அவர் உயிரோடிருந்தார். உலகம் அறியாத ஓர் ஆட்டத்தைத் தன் உலகம் என்று அறிவிக்கும் துணிவு அச்சிறு நாட்டுக்கு இருந்தது.

உயிரோடிருப்பவர்களுக்குத் தலை வெளியிடுவது நம் மரபல்ல என்று நண்பர்கள் சொல்லக்கூடும். மரபு எப்போதோ தளர்ந்துவிட்டது. கார்வேக்கு 1958இலும், விஸ்வேஸ்வரய்யாவுக்கு 1960இலும், டெண்டுல்கருக்கு 2013இலும் அவர்கள் வாழும்போதே வெளியிடப்பட்டது. முந்நூறு ரூபாய் கட்டினால் யாருடைய படத்தையும் ‘மை ஸ்டாம்ப்’ என்று அச்சிடலாமே என்பது இன்னொரு வாதம். காசு கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதும் ஊர் கூடி நினைவுகூர்வதும் ஒன்றல்ல. பதிவுத் தபாலே 2025இல் விரைவுத் தபாலோடு கரைந்துவிட்டது, இனித் தலை எதற்கு என்பாரும் உண்டு. கடிதம் போக்குவது தலையின் பாதி வேலைதான். பெயரைக் காப்பது மறுபாதி.

ஆனால் குற்றம் முழுவதையும் தில்லியின் மேல் போட்டுவிட்டு நாம் கைகழுவ முடியாது. தை பிறந்தால் சிறாவயலில் மஞ்சுவிரட்டு. மாட்டுக்குப் பெயர் உண்டு. மாட்டுக்காரரின் பெயரையும் ஊரையும் ஒலிபெருக்கி முழங்கும். களம் கட்டி நடத்தும் ஜல்லிக்கட்டிலோ மாடுபிடிப்பவன் சட்டையில் ஓர் எண்தான் இருக்கும். பரிசும் அந்த எண்ணுக்கே அறிவிக்கப்படும். குத்துப்பட்டு இறந்தால் மட்டும் மறுநாள் செய்தித்தாளில் அவனுக்குப் பெயர் கிடைக்கிறது. கலித்தொகையின் ஏறுதழுவும் இளைஞனுக்கும் பெயரில்லைதான். அது அகப்பாட்டு, பெயர் சுட்டக்கூடாதென்பது அதன் இலக்கணம். நாமோ இலக்கணம் கோராத இடத்திலும் பெயரை மறைத்துக்கொண்டிருக்கிறோம். சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ இதற்கு விலக்கு. அங்கே ஜமீன்தாரின் காரிக்கு மட்டுமல்ல, பிச்சிக்கும் அவன் தகப்பன் அம்புலிக்கும் பெயர் உண்டு. ஒரு குறுநாவல் செய்ததைக்கூட நம் விழாக் கமிட்டிகள் செய்யவில்லை.

2014இல் தடை வந்தபோதும், 2017இல் மெரினாவில் திரண்டபோதும், 2023இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றபோதும் பண்பாடு, மரபு, காளை இனம் என்றெல்லாம் பேசினோம். ஆட்டக்காரனைப் பற்றிப் பேசியது மிகக் குறைவு. பண்பாடு என்பது ஆளற்ற பெருஞ்சொல்லாக இருக்கும்வரை அரசுக்கும் வசதி, நமக்கும் வசதி.

செய்யக்கூடியது இருக்கிறது. 1994இல் ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற கபடி அணியில் தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் ஆடினார். அந்த அணிக்கு, பெயர் பெயராக, ஒரு தலை வரிசை கேட்டு விண்ணப்பிக்கலாம். தபால்தலை ஆலோசனைக் குழுவுக்கு முன்மொழிவு அனுப்ப யாருக்கும் உரிமை உண்டு. அதற்கு முன்பாக ஒவ்வோர் ஊரும் தன் சடுகுடு அணியின் பழைய ஆட்டக்காரர்களையும் மாடுபிடி வீரர்களையும் ஒரு நோட்டில் எழுதிவைக்கட்டும். வட்டிக் கணக்கைப் பைசா பிசகாமல் பேரேட்டில் எழுதிக் காத்த வட்டாரம் இது. ஊருக்கு இருபது பெயர்களை எழுதிவைப்பது நமக்குப் பெரிய காரியமல்ல.