இடம் மாற்றிப் போட்டால் பெசிவ் ஆகிவிடுமா?

சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளையின் ஆங்கிலக் கொப்பியைக் கல்முனையில் திறந்தாலும் சரி, கிட்டங்கித் தாம்போதியைத் தாண்டி நாவிதன்வெளியில் திறந்தாலும் சரி, பெசிவ் வொய்ஸ் பாடம் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் 'ஐ ஈட் ரைஸ்', வலப்பக்கம் 'ரைஸ் இஸ் ஈட்டன் பை மீ'. இரண்டுக்கும் இடையே குறுக்காக இரண்டு அம்புக்குறிகள். முன்னால் நின்றது பின்னால் போகிறது, பின்னால் நின்றது முன்னால் வருகிறது.

இந்தப் பக்கத்துக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. பெசிவ் என்பது எக்டிவ் வசனத்தைத் திருப்பிப் போடுவது மட்டும்தான், அம்புக்குறியும் 'பை'யும் பிடிபட்டால் பாடம் முடிந்தது என்பதே அது. ரியூசன் வகுப்பிலும் வழிகாட்டிப் புத்தகத்திலும் வீட்டிலும் இதையே சொல்கிறார்கள். பயிற்சியில் முழுப் புள்ளி எடுத்த பிள்ளை ஆங்கிலத்தில் நாலு வரி அறிவித்தல் எழுதத் திணறுவதற்கு இந்த நம்பிக்கையும் ஒரு காரணம். அதைத் தாங்கி நிற்கும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

முதல் வாதம்: எந்த வசனத்தையும் திருப்பலாம்.

திருப்ப முடியாது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அதைப் பற்றிக் கட்டுரை எழுதும் பிள்ளை 'மெனி பீப்பிள் வெர் டைட்' என்று எழுதிவிடுகிறது. இறந்தவர்கள் தாமாக எதையும் செய்யவில்லையே, அப்படியானால் பெசிவ்தானே என்பது அதன் கணக்கு. ஆனால் 'டை' என்ற வினை இன்னொருவர் மேல் போய் விழுவதில்லை. செயப்படுபொருள் இல்லாத வினைக்குப் பெசிவும் இல்லை. 'மெனி பீப்பிள் டைட்' என்பதே போதும். 'கில்' அப்படியல்ல, அதற்குச் செயப்படுபொருள் உண்டு. அதனால் 'வெர் கில்ட்' சரி. 'வோஸ் ஹெப்பன்ட்', 'வோஸ் அரைவ்ட்' எல்லாம் இதே தவறுதான்.

செயப்படுபொருள் இருந்தும் திரும்பாத வினைகளும் உண்டு. 'ஷீ ஹேஸ் அ பைசிக்கிள்' என்பதை அம்புக்குறிப்படி மாற்றினால் 'அ பைசிக்கிள் இஸ் ஹேட் பை ஹேர்' என்று வரும். ஆங்கிலம் பேசும் எவர் வாயிலும் இந்த வசனம் வராது. முதலில் வினையைப் பார் என்று சொல்லிக்கொடுக்க வேண்டிய இடத்தில், சொற்கள் நிற்கும் இடத்தைப் பார் என்று சொல்லிக்கொடுத்ததன் விளைவு இது.

இரண்டாவது வாதம்: 'பை' இல்லாத பெசிவ் அரைகுறை.

உண்மை நேர்மாறானது. ரன்டொல்ப் குவேர்க்கும் அவரோடு சேர்ந்த மூவரும் 1985இல் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கண நூல், பெசிவ் வசனங்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கில் செய்தவர் குறிப்பிடப்படுவதே இல்லை என்கிறது. கொப்பியில் விதியாக இருப்பது, மொழியில் சிறுபான்மை.

இதற்கு ஆதாரம் பிள்ளைகளின் கையெழுத்திலேயே கிடைக்கும். 'மைசெல்ப்' கட்டுரையில் அவர்கள் எழுதும் 'ஐ வோஸ் போர்ன்' ஒரு பெசிவ். அதை எந்த எக்டிவ் வசனத்திலிருந்தும் மாற்றி எடுத்தவர் எவருமில்லை. கல்முனைக்குப் பக்கத்து ஊரான காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தரைப் பற்றி எழுதினாலும் அப்படித்தான். 'ஹீ வோஸ் போர்ன் இன் காரைதீவு' என்றும், அவர் எழுதிய நூலைப் பற்றி 'யாழ் நூல் வோஸ் பப்ளிஷ்ட் இன் 1947' என்றும் எழுதலாம். இரண்டிலும் 'பை' இல்லை, குறையும் இல்லை.

'பை' வரவேண்டிய இடம் வேறு. நாவிதன்வெளிப் பக்கத்துக் குடியேற்றங்களின் வரலாறு கல்லோயாத் திட்டத்தோடு பின்னியது. அந்தத் திட்டத்தின் அணைக்கட்டு வேலை 1949இல் தொடங்கியது. கட்டியது மொரிசன் நூட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி. 'த டேம் வோஸ் பில்ட் பை என் அமெரிக்கன் கம்பனி' என்று எழுதும்போது 'பை'க்குப் பின்னால் வருவதுதான் வாசிப்பவருக்குப் புதுச் செய்தி. செய்தவர் யார் என்பது சொல்லத்தக்க தகவலாக இருந்தால் 'பை' வரட்டும், இல்லாவிட்டால் வேண்டாம்.

மூன்றாவது வாதம்: திருப்பினாலும் பொருள் மாறாது.

பல வசனங்களில் மாறாது என்பது சரி. எல்லாவற்றிலும் அப்படியல்ல என்பதை 1957இலேயே மொழியியலாளர் நோம் சொம்ஸ்கி காட்டிவிட்டார். அறையில் உள்ள ஒவ்வொருவருக்கும் குறைந்தது இரண்டு மொழிகள் தெரியும் என்பது அவர் எடுத்துக்கொண்ட வசனம். ஒருவருக்குத் தமிழும் சிங்களமும், அடுத்தவருக்குத் தமிழும் ஆங்கிலமும், மூன்றாமவருக்குச் சிங்களமும் அரபும் தெரிந்திருந்தால் அது உண்மை. அதையே பெசிவாக்கி, குறைந்தது இரண்டு மொழிகள் அறையில் உள்ள எல்லோராலும் அறியப்பட்டிருக்கின்றன என்று சொன்னால், எல்லோருக்கும் பொதுவாக இரண்டு மொழிகள் இருப்பதாக ஆகிவிடும். அது பொய்.

பொருள் மாறாத இடத்திலும் பேச்சின் மையம் மாறுகிறது. அணைக்கட்டைப் பற்றிய பந்தியில் வசனத்துக்கு வசனம் அணைக்கட்டே முன்னால் நிற்கவேண்டும் என்றால் அதற்குக் கைகொடுப்பது பெசிவ். தனி வசனங்களை மட்டும் திருப்பிப் பழகிய பிள்ளைக்குப் பந்தியில் அது எதற்கு உதவும் என்பது தெரியாமலே போகிறது.

நான்காவது வாதம்: தமிழ்ப் பிள்ளைக்கு 'படு' சேர்த்துச் சொன்னால் விளங்கிவிடும்.

'சோறு என்னால் உண்ணப்படுகிறது' என்று எந்த வீட்டிலும் யாரும் சொல்வதில்லை. பிள்ளைக்குப் பழக்கமில்லாத தமிழைக் காட்டி, பழக்கமில்லாத ஆங்கிலத்தை விளங்கப்படுத்தப் பார்க்கிறோம். ஆனால் அதே பிள்ளை மாரிகாலத்தில் கிட்டங்கியில் வெள்ளம் மேவிப் பாயும்போது 'ரோட்ட மூடிட்டாங்க' என்கிறது. மின்சாரம் போனால் 'கறண்ட வெட்டிட்டாங்க', பெறுபேறு வந்தால் 'ரிசல்ட் விட்டுட்டாங்க'. மூடியது யார், வெட்டியது யார், விட்டது யார்? சொல்பவரும் சொல்லவில்லை, கேட்பவரும் கேட்கவில்லை. செய்தவரைச் சொல்லாமல் விடும் தேவை அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும். ஆங்கிலம் பெசிவை வைத்திருப்பதும் பெரும்பாலும் இதே தேவைக்குத்தான். 'ரோட்ட மூடிட்டாங்க' என்பது 'த ரோட் ஹேஸ் பீன் குளோஸ்ட்'. 'ரிசல்ட் விட்டுட்டாங்க' என்பது 'த ரிசல்ட்ஸ் ஹேவ் பீன் ரிலீஸ்ட்'. இங்கே அம்புக்குறிக்கு வேலையே இல்லை.

ஐந்தாவது வாதம்: பெசிவ் பரீட்சைக்கு மட்டும்தான், நல்ல ஆங்கிலம் அதைத் தவிர்க்கும்.

இதற்கு ஆங்கில எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெல்லைச் சாட்சிக்கு அழைப்பார்கள். எக்டிவ் எழுத முடிந்த இடத்தில் பெசிவ் எழுதாதே என்று 1946இல் ஒரு கட்டுரையில் அவர் விதி வகுத்தது உண்மை. அதே கட்டுரையில் அவரே பெசிவைத் தாராளமாகப் பயன்படுத்தியிருக்கிறார் என்பதையும் பின்னால் வந்தவர்கள் எண்ணிக் காட்டினார்கள். 1999இல் வெளியான லோங்மன் இலக்கண நூலின்படி, உரையாடலில் நூற்றுக்கு இரண்டு வினைகள் அளவில்தான் பெசிவ். கல்விசார் எழுத்திலோ ஏறத்தாழ 25. சம்மாந்துறையில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்துக்குப் போகும் மாணவி ஆய்வுகூட அறிக்கை எழுதும்போது, கரைசலைச் சூடாக்கியது யார் என்பது அங்கே பொருட்டல்ல. 'த சொலூஷன் வோஸ் ஹீட்டட்' என்றுதான் எழுதவேண்டும். மருந்துப் போத்தலில் இருக்கும் 'டு பி டேக்கன் ஆப்டர் மீல்ஸ்', பாடப்புத்தகத்தில் இருக்கும் 'ஓல் ரைட்ஸ் ரிசேவ்ட்' இரண்டும் பரீட்சை மண்டபத்துக்கு வெளியே கிடப்பவைதான்.

அட்டவணையைக் கிழித்தெறிய வேண்டும் என்பதல்ல இதன் பொருள். காலத்துக்கேற்ற 'பி' வினையும், 'ரோட்', 'ரிட்டன்', 'புரோக்', 'புரோக்கன்' என்று மாறும் வடிவங்களும் மனனமாகாமல் பெசிவ் வராது. நாற்பது பிள்ளைகளை வைத்துப் பாடத்திட்டத்தை முடிக்க ஓடும் ஆசிரியருக்கு அட்டவணை வேகமான கருவி. வினாத்தாள் மாற்றி எழுதச் சொன்னால் மாற்றி எழுதத்தான் வேண்டும்.

மாறவேண்டியது ஒழுங்கு. முதல் பாடத்தில் பிள்ளைகள் தினமும் சொல்லும் 'மூடிட்டாங்க', 'வெட்டிட்டாங்க' வசனங்களைக் கரும்பலகையில் எழுதி அவற்றுக்கு 'பை' இல்லாத ஆங்கிலம் கொடுக்கலாம். அடுத்த பாடத்துக்கு மருந்துப் பெட்டி, பிரதேச செயலகப் படிவம், கடை அறிவித்தல் என்று பெசிவ் உள்ளவற்றைப் பிள்ளைகளையே தேடிக் கொண்டுவரச் சொல்லலாம். பிறகு எந்த வினை பெசிவாகும், எது ஆகாது என்று பிரிக்கும் பயிற்சி. செய்தவர் செய்தியாக இருக்கும் வசனங்களில் மட்டும் 'பை'. குறுக்கு அம்புக்குறி போட்ட பக்கம் கடைசியாக, பரீட்சைக்கு முந்திய தவணையில் வந்தால் போதும்.