கோட்டையோடு திரும்பிவிடும் வேன்கள்

மாண்புமிகு பேராக் மாநிலச் சுற்றுலாத் துறை ஆட்சிக்குழு உறுப்பினர் அவர்களுக்கு,

ஈப்போவுக்கு வருகிறவர்களைப் பழைய நகரமும் வெள்ளைக் காப்பியும் சுண்ணாம்புக் குகைக் கோயில்களும் முதல் நாள் பிடித்து வைத்துக்கொள்கின்றன. மறுநாள் எங்கே போகலாம் என்று கேட்டால் பெரும்பாலும் கோப்பெங்கைத்தான் காட்டுகிறார்கள். நல்ல யோசனைதான். தித்திவாங்சா மலைத்தொடரின் அடிவாரத்தில், தெற்கே அரை மணி நேரத் தொலைவில் இருக்கும் அந்தச் சின்ன ஊருக்குள் ஒரு நாளில் பார்த்து முடிக்க முடியாத அளவு சங்கதி இருக்கிறது. அதில் ஒன்று விடுபட்டுப் போவதைச் சொல்லத்தான் இம்மடல்.

கோப்பெங் ஈயத்தால் எழுந்த ஊர். மலையிலிருந்து தண்ணீரைப் பெருங்குழாய்களில் இறக்கி, அந்த விசையில் மண்மேட்டைக் கரைத்து ஈயம் எடுத்தார்கள். ஈயம் போனதும் ஊர் அடங்கிவிட்டது. கடைவீடுகளின் மாடியில் செடி முளைத்தது. ஆனால் ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. தங்கள் வீட்டுப் பழம்பொருள்களைக் கொண்டே ஓர் அருங்காட்சியகம் வைத்துவிட்டார்கள். பக்கத்தில் கம்பார் ஆற்றில் ரப்பர்ப் படகு விடுகிறார்கள். உலு கெரோவில் செமாய் பூர்வகுடியினர் ரஃப்லேசியா பூத்திருக்கும் இடத்துக்கு அழைத்துப் போகிறார்கள். குவா தெம்புருங் குகையைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழைக்காலத்தில் போகாதீர்கள் என்று மட்டும் வருகிறவர்களுக்கு உரக்கச் சொல்லுங்கள்.

இத்தனைக்கும் நடுவே எல்லா வேன்களும் தவறாமல் நிற்கும் இடம், கோப்பெங்குக்கும் பத்து காஜாவுக்கும் இடையில் ராயா ஆற்றங்கரை மேட்டில் இருக்கும் கெல்லி கோட்டை. 1870-இல் ஸ்காட்லாந்தில் பிறந்த வில்லியம் கெல்லி ஸ்மித், இருபது வயதில் மலாயா வந்து, காடு வெட்டும் குத்தகையில் காசு பார்த்து, கிந்தாவில் ஆயிரம் ஏக்கர் வாங்கி ரப்பர் போட்டார். தோட்டத்துக்குத் தன் சொந்த ஊரின் பெயரைச் சேர்த்துக் கிந்தா கெல்லாஸ் என்று பெயர் வைத்தார். 1915-இல் மகன் பிறந்த பிறகு இந்த மாளிகையைக் கட்டத் தொடங்கினார். மின்தூக்கிக்கு இடம் விட்டு எழுப்பிய கோபுரம், மது நிலவறை, மொட்டை மாடியில் விருந்துக்கூடம் என்று திட்டம் பெரிது. 1926-இல் லிஸ்பனில் நிமோனியா கண்டு இறந்தார். மனைவி சொத்தை ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். மாளிகை அரைகுறையாக நின்றது. அப்புறம் வந்தவை பேய்க்கதை, சுரங்கப்பாதைக் கதை, 1999-இல் ஓர் ஆங்கிலப் படப்பிடிப்பு.

இந்தக் கதையில் தமிழர்கள் ஒரே ஒரு வரியில் வருகிறார்கள். செங்கல்லும் கொத்தனார்களும் இந்தியாவிலிருந்து வந்தார்கள் என்பது அந்த வரி. மதராஸிலிருந்து எழுபது பேர் வந்தார்கள் என்று சொல்வது வழக்கம். முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் ஸ்பானியக் காய்ச்சல் மலாயாவுக்கும் வந்தது. தோட்டத்திலும் கட்டட வேலையிலும் ஆள்கள் மடிந்தார்கள். மிஞ்சியவர்கள் துரையிடம் போய், மாரியம்மனுக்கு ஒரு கோயில் வேண்டும் என்றார்கள். அம்மை, காய்ச்சல் என்று எது வந்தாலும் நம் சனம் போய் நிற்பது அவள் வாசலில்தானே. ஸ்மித் ஒப்புக்கொண்டார். கோட்டையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டரில் கோயில் எழுந்தது. அதன் மேல்தளச் சிற்பங்களுக்கு நடுவே, தெய்வங்களோடு தெய்வமாக, வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக ஓர் ஆள் நிற்கிறார். துரைதான் அவர் என்பது ஊர் வழக்கு.

அந்தச் சிலையைக் காட்டித் துரையின் தாராள மனத்தைப் பேசுவது வழிகாட்டிகளின் பழக்கம். எனக்கு அது அப்படிப் படவில்லை. அன்று சங்கமும் இல்லை, வேலைநிறுத்தச் சட்டமும் இல்லை. சாவு பக்கத்து லயத்தில் படுத்திருக்கிறது. அந்த நிலையில் கூலிக்காரர்கள் ஒன்றாகப் போய் ஒன்றைக் கேட்டார்கள். துரைக்கோ மாளிகை வேலை நடந்தாக வேண்டும். அவர்கள் கேட்டு வாங்கிய கோயில் அது. கிந்தாப் பள்ளத்தாக்கில் தோட்டத் தொழிலாளர்கள் கோரிக்கை வைத்துப் பெற்று, இன்றும் நம் கண்முன் நிற்கும் ஒரு பொருளைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். துரையின் கனவு பாதியில் நின்றுவிட்டது, கூலிகளின் கோரிக்கை முடிந்து குடமுழுக்கும் கண்டுவிட்டது! இதைவிடச் சுவையான கதையைப் பேய் சொல்லுமா?

ஆனால் வேன்கள் கோட்டையோடு திரும்பிவிடுகின்றன.

இறந்தவர்களை நினைவுகூர்வதில் பத்து காஜாவில் நிலைமை வேறு. அங்கே 'கடவுளின் சிற்றேக்கர்' என்று சொல்லப்படும் கல்லறைத் தோட்டத்தில், 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட தோட்டத் துரைமார் உள்ளிட்ட மலாயா அவசரகாலப் பலிகளுக்கு ஆண்டுதோறும் ஜூனில் மலர்வளையம் வைக்கிறார்கள். வைக்கட்டும், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. தஞ்சோங் துவாலாங்கில் 1938-இல் கட்டிய, ஈயம் தோண்டும் கப்பலையும் காப்பாற்றிப் பார்வைக்கு வைத்திருக்கிறீர்கள். அந்த இரும்பை நானும் வாய் பிளந்து பார்த்தவன்தான். துரைக்கு நினைவிடம் உண்டு, இயந்திரத்துக்கும் உண்டு. பால்மரம் சீவியவனுக்கு எங்கே என்று பேரப்பிள்ளைகள் கேட்டால், கையைக் காட்ட இந்தக் கோயில் இருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் சின்னது. கோட்டையிலிருந்து கோயில் வரை நிழல் மரங்களோடு ஒரு நடைபாதை போடுங்கள். இப்போது நடக்கத் துணிகிறவர்கள் லாரி போகும் சடக்கின் ஓரமாகத்தான் போக வேண்டும். காய்ச்சலையும் கோரிக்கையையும் கோயிலையும் சேர்த்துச் சொல்லும் பலகைகளை மலாய், ஆங்கிலத்தோடு தமிழிலும் வையுங்கள். எழுத்துப் பிழை இல்லாமல் எழுதத் தெரிந்தவர்கள் பேராக்கில் ஏராளம். மொழிபெயர்ப்பு இயந்திரத்தை மட்டும் கூப்பிட வேண்டாம்.

இன்னொன்று அவசரமானது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் கைமாறி வீடமைப்பாகி, சனங்கள் தாமான்களுக்குச் சிதறிப் போனார்கள். பிரட்டுக்களம், ஆயாக்கொட்டகை, பால் கொட்டகை, கள்ளுக்கடை என்று ஒரு தோட்டத்தின் வரைபடத்தையே தலைக்குள் வைத்திருக்கும் கடைசித் தலைமுறைக்கு இப்போது எண்பது வயது. அவர்களை உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்ய ஒரு சிறு குழு போதும். நடமாட முடிகிறவர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சியும் சம்பளமும் கொடுத்தால், கோட்டை வாசலில் பேய்க்கதை சொல்ல ஆள் தேட வேண்டியிருக்காது.

வேலை தொடங்கும் முன் ஆலய நிர்வாகத்தைக் கலந்து பேசுங்கள். அது பூசை நடக்கும் இடம். நுழைவுச் சீட்டு வைக்கக்கூடாது, காலணி விட ஒரு கொட்டகை வேண்டும், திருவிழா நாள்களில் சுற்றுலாப் பேருந்தைத் தள்ளியே நிறுத்த வேண்டும். மலேசியா வருகை ஆண்டு 2026-க்கு என்று அவசரம் அவசரமாகக் கோபுரத்துக்குச் சாயம் அடித்துவிடாதீர்கள். தொப்பிக்காரருக்கு என்ன நிறம் என்பதை நிர்வாகமே முடிவு செய்து கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஈப்போவிலிருந்து ஒரு தோட்டத்து வீட்டுப் பிள்ளை