ஒரே ஒரு கோல்



தேவிகாபுரத்து நெசவுத் தெருக்களை அறிந்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். பட்டுப் புடைவைக்கான பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் உண்டு. அவை யாவும் அறுபடாமல் கடைசிவரை வந்து சேர்ந்தால், அதைப்பற்றி எவரும் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. ஜரிகையைப் புகழ்வார்கள், நிறத்தைப் புகழ்வார்கள், முந்தானையில் விழுந்திருக்கும் மயிலையும் கொடியையும் புகழ்வார்கள். ஆனால் எங்கேனும் ஓர் இழை அறுந்து, அது கவனியாமல் விடப்பட்டிருந்தால், புடைவையை விரித்து வெளிச்சத்தில் பிடிக்கும் வியாபாரியின் விரல் நேரே அங்கேதான் சென்று நிற்கும். நெய்தவருடைய பல நாள் உழைப்பும் அந்த ஓரிடத்தைக் கொண்டே அளக்கப்படும்.

விளையாட்டு உலகிலும் இவ்வாறு அளக்கப்படுகிற ஒருவர் இருக்கிறார். அவர்தாம் கோல் காவலர். முன்வரிசை ஆட்டக்காரர் பத்து முறை பந்தை வெளியே அடித்துவிட்டுப் பதினோராவது முறை உள்ளே செலுத்தினால், அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு கொண்டாடுகிறோம். காவலர் பத்து முறை தடுத்துப் பதினோராவது முறை தவறவிட்டாலோ, அந்தப் பதினோராவதுதான் மறுநாள் செய்தித்தாளில் வருகிறது. தடுத்த பத்துக்கும் எந்த ஏட்டிலும் கணக்கில்லை.

இம்மாதம் அத்தகைய ஒருவருடைய வாழ்வைச் சொல்ல விரும்புகிறேன். அதற்குமுன் அந்த வேலையின் கடுமையைச் சிறிது கூறவேண்டும். ஹாக்கி ஆட்டத்தில் கோல் வாயின் அகலம் 12 அடி. உயரம் 7 அடி. பந்தின் எடை ஏறக்குறைய 160 கிராம்தான். ஆனால் கல்லைப்போலக் கெட்டியானது. இன்றைய காவலர் தலைக்கவசமும், முகத்துக்குக் கம்பி வலையும், மார்புக் கவசமும், கால்களில் தடித்த நுரைப் பட்டைகளும் அணிந்து, போருக்குப் புறப்பட்டவர்போல வந்து நிற்கிறார். 1950-களில் இவை ஏது? கிரிக்கெட் மட்டையாளர் கட்டிக்கொள்வதைப் போன்ற கால் பட்டைகள், கையுறைகள், அவ்வளவே. முகம் திறந்தே இருக்கும். ஆடுகளமோ புல்தரை. எங்கே ஒரு சிறு மேடு இருந்தாலும் பந்து துள்ளி எழுந்து பல்லையோ கண்ணையோ பதம் பார்த்துவிடும்.

அப்படிப்பட்ட காலத்தில் நின்று காத்தவர்களுள் முதலில் நம் தமிழகத்தவர் ஒருவரை நினைக்கவேண்டும். ரங்கநாதன் பிரான்சிஸ் என்ற பெயரை நம் குடும்பங்களில் எத்தனை பேர் அறிவார்கள்? 1920-இல் ரங்கூனில் பிறந்தவர். 1948-இல் லண்டன், 1952-இல் ஹெல்சிங்கி, 1956-இல் மெல்பர்ன் என மூன்று ஒலிம்பிக் பந்தயங்களில் தங்கம் வென்ற இந்திய ஹாக்கி அணிகளில் இடம்பெற்றவர். அந்த மூன்று பந்தயங்களிலும் சேர்த்து இந்தியா ஆடியவை 13 ஆட்டங்கள், அடித்த கோல்கள் 76, வாங்கியவை 4. எல்லா ஆட்டங்களிலும் பிரான்சிஸ் ஒருவரே நின்றார் என்பதன்று. லண்டனில் பம்பாயைச் சேர்ந்த லியோ பின்டோ முதன்மைக் காவலராக இருந்தார். ஆயினும் மூன்று தங்கம் என்பது சாமானியமா? ஹெல்சிங்கி இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தை 6-1 என்று வென்றபோது பல்பீர் சிங் ஒருவரே 5 கோல்கள் அடித்தார். அந்த ஐந்தை உலகம் இன்றும் சொல்கிறது; சொல்லட்டும், தகும். மறுமுனையில் நின்றவரைப்பற்றித்தான் பேச்சில்லை. பிரான்சிஸ் 1975 டிசம்பரில் சென்னையில் மறைந்தார்.

மெல்பர்ன் சென்ற அணியில் பிரான்சிஸுக்கு வயது 36. அவரோடு இன்னொரு காவலரும் போயிருந்தார், வயது 23. இறுதி ஆட்டத்தில் கோல் வாயிலில் நிற்கும் பொறுப்பு அந்த இளைஞருக்கே கிடைத்தது. அவர்தாம் நான் சொல்லவந்த சங்கர் லட்சுமண்.

மத்தியப் பிரதேசத்தில் இந்தூருக்கு அருகே மாவ் என்ற இராணுவக் குடியிருப்பு நகர் உண்டு. அண்ணல் அம்பேத்கர் பிறந்த ஊரும் அதுவே. அங்கே 1933 ஜூலை 7-ஆம் நாள் பிறந்தவர் லட்சுமண். நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டில், பதினான்கு வயதுச் சிறுவனாக இராணுவத்தின் பாண்டு வாத்தியக் குழுவில் சேர்ந்தார். முதலில் அவர் ஆடியது கால்பந்து. ஹாக்கிக்கு வந்தது பின்னர்தான். காலால் பந்தை உதைக்கப் பழகியவருக்கு ஹாக்கியில் காவலர் வேலை இயல்பாகவே அமைந்தது போலும். ஏனெனில் அந்த ஆட்டத்தில் காவலர் ஒருவருக்குத்தான் பந்தைக் காலால் தடுக்கவும் உதைக்கவும் உரிமை உண்டு.

மெல்பர்னில் இந்தியா ஆப்கானிஸ்தானை 14-0, அமெரிக்காவை 16-0, சிங்கப்பூரை 6-0 என வென்றது. இவற்றில் காவலருக்கு வேலை அதிகம் இருந்திராது. அரையிறுதியில் ஜெர்மனியோடு 1-0. இறுதியில் பாகிஸ்தானோடு 1-0. இங்கேதான் காவலரின் மதிப்புத் தெரிகிறது. ரந்தீர் சிங் ஜென்டில் அடித்த ஒரு கோலை வைத்துக்கொண்டு, எஞ்சிய நேரமெல்லாம் அதைக் கட்டிக்காக்கவேண்டும். காத்தார்கள். அந்த ஒலிம்பிக்கில் இந்தியா ஒரு கோலும் வாங்காமல் தங்கத்தோடு திரும்பியது.

அடுத்தது 1960, ரோமாபுரி. 1928 முதல் ஒலிம்பிக் ஹாக்கியில் ஓர் ஆட்டத்திலும் தோல்வி அறியாமல், ஆறு தங்கங்களைத் தொடர்ந்து பெற்ற நாடு இந்தியா. ரோமில் அரையிறுதி முடிந்தபோது அந்தத் தொடர் வெற்றிகளின் எண்ணிக்கை 30. அதுவரை ஆடிய ஐந்து ஆட்டங்களில் லட்சுமணின் அணி வாங்கியிருந்தது ஒரே ஒரு கோல். அதுவும் 4-1 என்று வென்ற ஆட்டத்தில். செப்டம்பர் 9-ஆம் நாள் இறுதி ஆட்டம். மீண்டும் பாகிஸ்தான். முற்பாதியில் நசீர் புந்தா என்பவர் பந்தை உள்ளே செலுத்தினார். அந்த ஒரு கோலே கடைசிவரை நின்றது. முப்பத்திரண்டு ஆண்டுப் பெருமை ஒரு பிற்பகலில் முடிந்தது.

இங்கே சற்று நிற்போம். அன்று இந்தியா அடித்த கோல் எத்தனை? பூச்சியம். ஒரு கோலும் அடிக்காத அணியை எந்தக் காவலராலும் வெற்றிபெறச் செய்ய இயலாது. அவரால் தரக்கூடியது சமநிலை மட்டுமே. முன்வரிசையில் ஐந்து பேர் முழு ஆட்டமும் முயன்று முடியாமற் போனது ஒரு செய்தி. ஆனால் காட்சியாக மனத்தில் பதிவது அதுவன்று. வலையில் கிடக்கும் பந்தும், அதைக் குனிந்து எடுக்கும் காவலரும்தான். நம் வீடுகளிலும் இத்தகைய தீர்ப்புகள் நாள்தோறும் நடக்கின்றன என்பதை வாசகர்கள் அறிவார்கள். நான் விரிக்க வேண்டியதில்லை.

லட்சுமண் அதன்பின் என்ன செய்தார்? படைப்பிரிவுக்குத் திரும்பினார், பயிற்சி செய்தார், நான்கு ஆண்டுகள் காத்திருந்தார். 1964 அக்டோபர் 23, டோக்கியோ. மூன்றாம் முறையாக ஒலிம்பிக் இறுதி ஆட்டம், மூன்றாம் முறையாகவும் பாகிஸ்தான். தலைவர் சரண்ஜித் சிங். பிற்பாதியில், பிரிதிபால் சிங் அடித்த பெனால்டி கார்னர் பந்து கோலுக்குள் போகவிருந்ததை எதிரணி வீரர் ஒருவர் காலால் தடுத்துவிட்டார். அதற்குத் தண்டனையாகக் கிடைத்த பெனால்டி ஸ்ட்ரோக்கை மொகிந்தர் லால் கோலாக்கினார். 1-0. அதன்பின் பாகிஸ்தான் அணி அலையலையாக வந்து மோதியது. ஒவ்வோர் அலையின் முடிவிலும் லட்சுமண் நின்றார். கோல் விழவில்லை.

இப்போது கூட்டிப் பாருங்கள். மூன்று ஒலிம்பிக் இறுதி ஆட்டங்கள். மூன்றிலும் அந்நாளில் உலகத்தில் இந்தியாவுக்கு நிகராக நின்ற ஒரே அணி எதிரே. மூன்றிலும் சேர்த்து லட்சுமணைத் தாண்டிச் சென்றது ஒரே ஒரு கோல்.

அவ்வாண்டே அர்ஜுனா விருது, 1967-இல் பத்மஸ்ரீ. இடையில் 1966-இல் பாங்காக்கில் நடந்த ஆசியப் பந்தயத்துக்கு அவரையே அணித் தலைவராக்கினார்கள். கோல் காவலர் ஒருவரைத் தலைவராக்குவது அதுவரை கண்டிராத புதுமை. தலைவர் என்றால் நடுக்களத்தில் நிற்கவேண்டும் என்பது பழைய எண்ணம். யோசித்தால், ஆடுகளம் முழுவதையும் முகத்துக்கு நேரே பார்க்கிறவர் காவலர் ஒருவரே அன்றோ? 1958, 1962 ஆசியப் பந்தயங்களில் வெள்ளியோடு திரும்பியிருந்த இந்தியா, பாங்காக்கில் முதன்முறையாக ஆசியத் தங்கம் வென்றது. இறுதியில் எதிரணி, சொல்லவேண்டுமா, பாகிஸ்தான்தான். எண்ணிக்கையும் அதே 1-0.

1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்குக்கு அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. அந்த அணி வெண்கலத்தோடு திரும்பியது. லட்சுமண் அதன்பின் இந்தியாவுக்காக ஆடவில்லை. 1979-இல் இராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று மாவ் நகரிலேயே வாழ்ந்தார். முதுமையில் அவருடைய காலொன்றில் சதை அழுகும் நோய் பற்றியது. அவர் சிகிச்சைக்குத் திண்டாடுகிறார் என்ற செய்தி பத்திரிகைகளில் வந்தபோதுதான் பலருக்கு அவர் உயிரோடு இருப்பதே நினைவுக்கு வந்தது. 2006 ஏப்ரல் 29-ஆம் நாள் மறைந்தார். மூன்று ஒலிம்பிக் இறுதிகளில் பந்தைத் தடுத்த கால்களில் ஒன்று அது.

எல்லா நாடுகளும் காவலரை இப்படித்தான் மறந்துவிடுகின்றனவா என்றால், இல்லை. செக் நாட்டில் டொமினிக் ஹாஷெக் என்றொரு காவலர் இருந்தார். அவர் ஆடியது பனிக்கட்டித் தரையில் ஆடும் ஹாக்கி. அங்கே பந்துக்குப் பதிலாக, 170 கிராம் எடையுள்ள ரப்பர் வட்டு; கோல் வாய் 6 அடிக்கு 4 அடி. 1998-இல் ஜப்பானின் நாகானோ நகரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. அரையிறுதி சமநிலையில் முடிந்தபின், கனடா நாட்டின் பெயர்பெற்ற ஐந்து வீரர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தனியே எதிரே வந்தார்கள். ஐவரையும் ஹாஷெக் தடுத்துவிட்டார். இறுதியில் ரஷ்யாவை வென்றது 1-0; லட்சுமணுக்குப் பழக்கமான அதே கணக்கு. அவர்கள் தாயகம் திரும்பியபோது பிராக் நகரத்து மக்கள் எழுப்பிய முழக்கம், ஹாஷெக்கைக் கோட்டைக்கு அனுப்புங்கள் என்பது. கோட்டை என்றால் அந்நாட்டுக் குடியரசுத் தலைவரின் மாளிகை. விளையாட்டாகச் சொன்னதுதான், ஆனாலும் ஒரு நாடு தன் காவலரை அந்த உயரத்தில் வைத்துப் பார்த்தது.

நம்மிடையே நிலைமை மாறவே இல்லை என்று சொல்லமாட்டேன், மெல்ல மாறியிருக்கிறது. கேரளத்துக் கண்ணூரைச் சேர்ந்த மேனுவல் ஃபிரெடெரிக் 1972-இல் மியூனிக்கில் வெண்கலம் வென்ற அணியின் காவலர். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் மலையாளி. தியான் சந்த் விருது அவருக்குக் கிடைத்தது 2019-இல். நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்து! 2025 அக்டோபர் 31 அன்று பெங்களூரில் அவர் மறைந்தார். ஆனால் அவருக்குப் பின்வந்த மலையாளியான ஸ்ரீஜேஷுக்கு அத்தனை காத்திருப்பு நேரவில்லை. எர்ணாகுளம் அருகே கிழக்கம்பலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். காவலருக்குரிய கால் பட்டைகளும் கவசங்களும் விலை மிகுந்தவை. மகனுக்கு அவற்றை வாங்கித் தரத் தந்தை பசுவை விற்றார். 2021 ஆகஸ்டு 5, டோக்கியோ. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் இந்தியா 5, ஜெர்மனி 4. முடிய ஆறே வினாடிகள் இருக்கையில் ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. ஸ்ரீஜேஷ் தடுத்தார். 41 ஆண்டுகளுக்குப் பின் இந்திய ஹாக்கிக்கு ஒலிம்பிக் பதக்கம். ஆட்டம் முடிந்ததும் அவர் கோல் கம்பத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். நாட்டின் எல்லாப் பத்திரிகைகளும் வெளியிட்ட படம் அதுதான். கோல் அடித்தவரின் படமன்று, கவனியுங்கள்.

2024-இல் பாரிஸில் மற்றுமொரு வெண்கலம். அங்கே பிரிட்டனுக்கு எதிரான கால்இறுதியில் ஒருவர் வெளியேற்றப்பட்டதால், இந்தியா நாற்பது நிமிடங்களுக்கு மேல் பத்துப் பேரோடு ஆடி, சமநிலை காத்துப் பின் வென்றது. அத்துடன் ஸ்ரீஜேஷ் ஓய்வுபெற்றார். அவர் அணிந்த 16-ஆம் எண் சட்டையை முதன்மை அணியில் இனி எவருக்கும் தருவதில்லை என்று முடிவுசெய்தார்கள். 2025-இல் பத்மபூஷண் வந்தது.

அவ்வாண்டின் இறுதியில் இளையோர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் நடைபெற்றது. நம் இளையோர் அணிக்குப் பயிற்சியாளர் ஸ்ரீஜேஷ். கால்இறுதியில் பெல்ஜியத்தோடு 2-2 எனச் சமநிலை. பின் ஒருவருக்கொருவர் தனித்தனியே மோதும் கட்டம். இந்தியாவின் கோல் வாயிலில் நின்ற பிரின்ஸ்தீப் சிங் என்ற இளைஞர் தடுத்த தடுப்புகளால் 4-3 என்று வெற்றி கிட்டியது. மறுநாள் செய்தித்தாள்களின் விளையாட்டுப் பக்கத்தில் அவர் பெயர் இருந்தது. அந்த ஆட்டம் நடந்தது சென்னையில். ரங்கநாதன் பிரான்சிஸ் வாழ்ந்து மறைந்த நகரில்.