கரும்பலகை வெறுமையாக இருக்கட்டும்!

"வாத்தியார் பாடமே நடத்துறதில்லைங்க! பிள்ளைங்க வட்டமா உட்கார்ந்து அட்டையை வைச்சு விளையாடுது. அவரும் கூடவே தரையிலே உட்கார்ந்திருக்காரு. இதுக்குப் பேரு பள்ளிக்கூடமா?"

கிடங்கிலே மூட்டை தூக்கும் தோழர் ஒருவர், சென்ற வாரம் தேநீர்க் கடையில் என்னைப் பிடித்து நிறுத்திக் கேட்ட கேள்வி இது. அவருடைய மகள் அரசு தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். கூட்டமென்றால் முதல் ஆளாக வந்து கொடி கட்டுபவர், கோபக்காரர், ஆனால் நியாயம் தெரிந்தவர்.

"நான் படிச்சப்ப வகுப்பு எப்படி இருக்கும் தெரியுமா? மூச்சு விடமாட்டோம்!" என்றார்.

"அந்த வகுப்பிலே எத்தனை ஆண்டு இருந்தீர்கள், அண்ணே?"

"அஞ்சாவது பாதியோட நின்னுட்டேன்."

"ஏன்?"

தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். "அப்பாவுக்குக் காலிலே அடி. ஒரு மாசம் மளிகைக் கடையிலே வேலைக்குப் போனேன். திரும்பி வந்தா, கணக்குலே பின்னம் முடிஞ்சு போச்சு. ஒண்ணும் விளங்கலை. கேட்டா அடி. கேட்காம இருந்தாலும் அடி. போதும்டா சாமின்னு வந்துட்டேன்."

தோழர்களே! அந்த ஒரு மாதத்தை எண்ணிப் பாருங்கள். மாடி வீட்டுப் பிள்ளைக்கு ஒரு மாதம் காய்ச்சலென்றால், விட்ட பாடத்தைச் சொல்லிக் கொடுக்க வீடு தேடி ஆசிரியர் வருவார். கூலிக்காரன் பிள்ளைக்கு? தாய் நோயுற்றால் தம்பியைப் பார்த்துக் கொள்ள வேண்டும். அறுவடையென்றால் வெளியூர் போக வேண்டும். செங்கற் சூளைக்குக் குடும்பமே குடிபெயர வேண்டும். திரும்பி வந்து பார்த்தால், பாடம் பத்துப் பக்கம் ஓடியிருக்கும். ஓடிய பாடத்தைத் துரத்திப் பிடிக்க முடியாமல் பள்ளியைவிட்டு நின்றவர்கள் நம்மிலே எத்தனை பேர்? 'எனக்குப் படிப்பு ஏறவில்லை' என்று அவர்கள் தங்கள் தலையைத் தாங்களே குட்டிக் கொள்கிறார்களே, அது எவ்வளவு பெரிய அநியாயம்!

குழந்தை தன் நடையிலே நடக்கட்டும், தான் விட்ட இடத்திலிருந்து தானே தொடங்கட்டும் என்று சொல்லும் கல்விமுறை, பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டப் பிறந்ததல்ல. அது பிறந்த இடத்தைக் கேளுங்கள்.

1907ஆம் ஆண்டு, ஜனவரித் திங்கள். ரோம் நகரில் சான் லோரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பு. தாயும் தந்தையும் வேலைக்குப் போய்விடுவர். குழந்தைகள் சுவரைக் கிறுக்கிப் படிக்கட்டுகளிலே புரண்டு திரியும். கட்டடம் பாழாகிறதே என்று கவலை, கட்டடத்துக்குரியவர்களுக்கு! (குழந்தை பாழாகிறதே என்றல்ல.) அந்தக் குழந்தைகளைக் கவனிக்க அழைக்கப்பட்டவர்தான் மருத்துவர் மரியா மாண்டிசோரி. எடுக்கவும் வைக்கவும் பொருள்களைக் கொடுத்து, வேண்டியதை எடுத்துச் செய் என்று விட்டுப் பார்த்தார். யாரும் அதட்டாமலே குழந்தைகள் ஒன்றிப் போய் வேலை செய்வதைக் கண்டார். 1939இல் அவரே சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் வாழ்ந்தார். பிறகு என்னாயிற்று? வாயிலிலே 'மாண்டிசோரி' என்று வண்ணப் பலகை. உள்ளே போகக் கட்டணம்! கூலிக்காரன் குழந்தைக்காகப் பிறந்தது, காரிலே வந்து இறங்கும் குழந்தையின் சொத்தாகிவிட்டது.

அதைப் போன்றதொன்று மீண்டும் நம் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தது. மதனப்பள்ளிக்கு அருகேயுள்ள ரிஷிவேலியில், சுற்றுப்புறச் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக, பாடநூலைப் பிரித்துச் சிறு சிறு அட்டைகளாக்கி, ஏணிப் படிபோல அடுக்கும் முறையை உருவாக்கியிருந்தார்கள். கொத்தடிமைத் தளையிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகளின் சிறப்புப் பள்ளிகளில் தொடங்கிய முயற்சி, 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளுக்கு வந்தது. அப்போது மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமார். அவர் ஆணையிட்டதோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ஆசிரியர்கள் ரிஷிவேலிக்கே சென்றார்கள், கண்டார்கள், பழகினார்கள், திரும்பி வந்து தாங்களே உட்கார்ந்து அட்டைகளை உருவாக்கினார்கள். செயல்வழிக் கற்றல் என்று பெயர் பெற்றது அதுதான்.

அந்த வகுப்பறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குழந்தையின் கைக்கெட்டும் உயரத்திலே சுவரையொட்டிக் கரும்பலகை; அதிலே ஒவ்வொரு குழந்தைக்கும் ஓரிடம். சுவரிலே ஏணி, நான் எந்தப் படியில் நிற்கிறேன் என்று குழந்தையே பார்க்கும், அதற்குரிய அட்டையைத் தானே தேடி எடுக்கும். ஆசிரியர் துணையோடு சில, தோழர் துணையோடு சில, தனியாகச் சில. ஒரு மாதம் வராத பிள்ளை வந்தால், விட்ட படி அங்கேயே காத்திருக்கும்! 2007-08இல் அது தமிழகம் முழுவதும், ஏறத்தாழ 37,000 பள்ளிகளுக்குப் போயிற்று. 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலே அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தை நிற்கும் நிலையறிந்து கற்பிப்பதும் இந்த எண்ணத்தின் தொடர்ச்சிதான்.

பெருமைதான். மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைப் பார்க்க வேண்டும். 13 பள்ளிகளில் ஆசிரியர் கையிலே பிறந்த அட்டை, 37,000 பள்ளிகளுக்கு அச்சிடப்பட்டுப் பெட்டியிலே போயிற்று. பெட்டியோடு ஆணையும் போயிற்று. செய்தவனுக்கு அது தன் படைப்பு. பெற்றவனுக்கு அது மேலிடத்துச் சுமை. குழந்தையைப் பார்த்து, 'நீயே தேர்ந்தெடு, நீயே கேள்' என்று சொல்ல வேண்டிய ஆசிரியருக்கு, தேர்ந்தெடுக்கவும் கேட்கவும் யார் இடம் கொடுத்தார்கள்?

ஆசிரிய நண்பர் ஒருவரோடு பயிற்சிக் கூடமொன்றின் வாசல்வரை போனேன். எந்த ஊர் என்பது வேண்டாம். உள்ளே ஒருவர், திரையிலே தெரிந்ததை வரி விடாமல் படித்துக் கொண்டிருந்தார். என்ன படித்தார் தெரியுமா? 'வகுப்பறையில் ஆசிரியர் குறைவாகப் பேச வேண்டும். மாணவரைப் பேசவிட வேண்டும்!' இதை அவர் இரண்டு மணி நேரம் பேசினார். நரைத்த தலை ஆசிரியை ஒருவர் எழுந்தார். "ஐந்து வகுப்புக்கு நாங்கள் இரண்டே பேர். இதை எப்படிச் செய்வது?" என்று கேட்டார். "கேள்விகளைக் கடைசியில் வைத்துக் கொள்வோம்" என்று பதில் வந்தது. கடைசியும் வந்தது, வருகைப் பதிவேட்டில் கையொப்பமும் முடிந்தது, கேள்வி மட்டும் வீட்டுக்குத் திரும்பிப் போயிற்று.

மேடையிலே மணிக்கணக்கில் முழங்குகிற நீ இதைச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். என் பேச்சுப் பிடிக்காதவர் எழுந்து போய்த் தேநீர் குடிக்கலாமே! பலர் குடிக்கிறார்கள், நானே பார்த்திருக்கிறேன். பாவம், ஆசிரியருக்கு அந்த உரிமைகூட இல்லை.

எழுந்து போகும் உரிமையையே விதியாக வைத்துக் கூட்டம் நடத்தினால்? நடத்தியிருக்கிறார்கள். 2010 மே மாதம், அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரின் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்கள் கூடினார்கள். 'எட்கேம்ப்' என்று பெயரிட்டார்கள். கணினித் துறையினர் நடத்தி வந்த திறந்த கூட்டங்களைப் பார்த்துக் கற்றுக் கொண்ட முறை அது. காலையிலே ஒரு வெறும் பலகை. அதிலே நேரமும் அறை எண்ணும் போட்ட கட்டங்கள் மட்டும். தலைப்பில்லை, தலைமையுரை இல்லை, கட்டணமில்லை. 'பின்னம் சொல்லித் தரத் தவிக்கிறேன்' என்று ஒருவர் எழுதலாம். 'நான் செய்து பார்த்த வழி ஒன்றுண்டு' என்று இன்னொருவர் அதே அறைக்கு வரலாம். பயனில்லையா? கால் இருக்கிறது, அடுத்த அறைக்கு நடக்கலாம். யாரும் கோபித்துக் கொள்ளக் கூடாது என்பதே ஏற்பாடு. அங்கிருந்து பல நகரங்களுக்கும் பிற நாடுகளுக்கும் அது பரவிற்று.

"நம் ஆட்களை இப்படி விட்டால் அரட்டையடித்துவிட்டுப் போவார்கள்" என்பார்கள். அறிந்த குரல்தான்! எட்டு மணி நேர வேலை கேட்டபோது, 'ஓய்வு கொடுத்தால் தொழிலாளி கெட்டுப் போவான்' என்று சொன்ன குரலல்லவா இது? அரட்டை கொஞ்சம் இருக்கும். தறிப் பட்டறையிலே ஒருவன் அறுந்த நூலை எப்படிப் பிணைப்பது என்று பக்கத்துத் தறிக்காரனிடம் கற்பதும் அரட்டைக்கு நடுவிலேதான்.

எல்லாவற்றையும் வெறும் பலகையிலே விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. எழுத்தை அறிமுகப்படுத்துவது எப்படி, காது சரியாகக் கேளாத குழந்தையைக் கண்டுபிடிப்பது எப்படி, இவற்றுக்குக் கற்றறிந்தவர் வேண்டும். வரட்டும், பேசட்டும். ஆசிரியர் கேட்ட கேள்விக்குப் பேசட்டும்! 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை (அதனோடு நமக்குள்ள வழக்கை வேறொரு நாள் பேசலாம்) ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி, அதுவும் அவரவர் நாட்டப்படி என்று எழுதி வைத்திருக்கிறது. மணியை எண்ண அதிகாரி உண்டு. நாட்டத்தைக் கேட்க யார் உண்டு?

நாம் உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும்; பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். கழிப்பறைக்கும் சுற்றுச் சுவருக்கும் அங்கே தீர்மானம் போடுகிறோம், சரி. குறுவள மையக் கூட்டத்தில் அரை நாளையாவது ஆசிரியர் கையிலே விடுங்கள், என்ன பேசுவதென்று அவர்களே எழுதட்டும் என்று ஒரு தீர்மானம் போட்டால் என்ன? வகுப்பிலே சத்தம் கேட்கிறது என்று புகார் செய்யப் போகிற கால்கள், இதற்காகவும் ஒருமுறை போகட்டுமே!

இவ்வளவையும் அந்தத் தோழரிடம் சொன்னேன். தேநீர் ஆறிவிட்டது.

"அப்ப, எம் பொண்ணு ஒரு மாசம் வராமப் போனாலும்...?"

"விட்ட படியிலிருந்து ஏறலாம், அண்ணே. படி அமைக்க ஆசிரியருக்கு இடம் கொடுத்தால்."

"குழுக் கூட்டம் என்னைக்கு?"

"வெள்ளிக்கிழமை, பிற்பகல்."

"அரை நாள் கூலி போகும்" என்றார். சற்று யோசித்தார். "பரவாயில்லை, மேஸ்திரிகிட்டே சொல்லிட்டு வந்துடறேன். அந்தப் பின்னக் கணக்கையும் வாத்தியார்கிட்டே ஒரு தரம் கேட்கணும்."