தோற்ற பிரதமருக்கு எதற்குச் சிலை?

ஞாயிற்றுக்கிழமைகளில் திருவாதவூரில் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்குப் போட்டித் தேர்வு வகுப்பு எடுக்கிறேன். முனைவர் பட்ட ஆய்வுக்கு நடுவே கிடைக்கிற அரை நாள் அது. பிரதமர்கள் பட்டியலை நடத்திக்கொண்டிருந்தபோது, கல்லூரியில் முதலாண்டு படிக்கும் தங்கை ஒருத்தி கேட்டாள்: "வி.பி.சிங் பதினோரு மாசத்துல வாக்கெடுப்புல தோத்துட்டாரு. தோத்தவருக்கு எதுக்குக்கா சென்னையில சிலை?"

நல்ல கேள்வி. "நிலையான ஆட்சி, வலிமையான தலைவர்" என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்த தலைமுறை இப்படித்தான் கேட்கும். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

நம் நாட்டில் பிரதமரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். ஆனால் அரசமைப்புச் சட்டத்தின் 75(3) பிரிவுப்படி அமைச்சரவை முழுவதும் மக்களவைக்குப் பொறுப்பானது. அவையின் நம்பிக்கை இருக்கும்வரைதான் பதவி. 1989 தேர்தலில் 197 இடங்களோடு காங்கிரஸ்தான் தனிப்பெரும் கட்சி. ஜனதா தளத்துக்குக் கிடைத்தவை 143. ஒருபக்கம் இடதுசாரிகளும் மறுபக்கம் 85 இடங்கள் வைத்திருந்த பா.ஜ.க.வும் வெளியிலிருந்து ஆதரவு தர, டிசம்பர் 2 அன்று வி.பி.சிங் பதவியேற்றார். இன்று அவரைக் கொண்டாடும் தமிழ்நாடு, அன்று தி.மு.க. இடம்பெற்ற அவருடைய தேசிய முன்னணிக்கு ஓர் இடம்கூடத் தரவில்லை. 39இல் 38 காங்கிரஸ் - அ.தி.மு.க. கூட்டணிக்குப் போனது. மீதி ஒன்று இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு.

இவ்வளவு பலவீனமான ஆட்சி என்ன செய்தது? புரட்சியாளர் அம்பேத்கருக்குப் பாரத ரத்னா வழங்கியது. நாடாளுமன்ற மைய மண்டபத்தில் அவர் படத்தைத் திறந்தது. பௌத்தம் தழுவிய தலித்துகளுக்குப் பட்டியல் சாதித் தகுதியைச் சட்டமாக்கியது. 1990 ஆகஸ்ட் 7 அன்று, ஒன்றிய அரசுப் பணிகளில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு என்ற மண்டல் குழுவின் பரிந்துரையை ஏற்றது.

அந்த அறிக்கை 1980 டிசம்பர் 31 அன்றே கையளிக்கப்பட்டுவிட்டது. அப்போது இந்திரா காந்தியிடம் 350க்கும் மேற்பட்ட இடங்கள். அடுத்து ராஜீவிடம் 400க்கும் மேல். வலிமைக்கு என்ன குறை? ஏறக்குறைய பத்தாண்டுகள் அந்த அறிக்கை தூங்கியது. அந்த நிலையான ஆட்சிகள் நிலைநிறுத்தியது யாருடைய இடத்தை என்பதை நாம் கேட்க வேண்டும்.

"தேவிலாலைச் சமாளிக்கத்தான் மண்டலை எடுத்தார்" என்பார்கள். துணைப் பிரதமர் தேவிலாலை ஆகஸ்ட் 1 அன்று நீக்கியதும், ஒரே வாரத்தில் மண்டல் அறிவிப்பு வந்ததும் உண்மை. இருக்கட்டும். நாற்காலி ஆடும்போது பிரதமர் மக்களைத் தேடி வருகிறார் என்றால், ஆடும் நாற்காலியால் நமக்கு என்ன நட்டம்?

அவர் வீழ்ந்த விதத்தையும் பார்ப்போம். செப்டம்பர் 25 அன்று சோமநாத்திலிருந்து அத்வானியின் ரதம் கிளம்பியது. அக்டோபர் 23 அன்று பீகாரின் சமஸ்திபூரில் லாலு பிரசாத் அரசு அவரைக் கைது செய்தது. பா.ஜ.க. ஆதரவை விலக்கிக்கொண்டது. சந்திரசேகர் தலைமையில் ஜனதா தளமும் உடைந்தது. நவம்பர் 7 அன்று நம்பிக்கைத் தீர்மானத்துக்கு ஆதரவாக 142 வாக்குகள், எதிராக 346. ரதத்தைப் போகவிட்டிருந்தால் அவர் பதவி பிழைத்திருக்கலாம்.

அதே நவம்பரில்தான் பிரிட்டனில் மார்கரெட் தாட்சரும் பதவி இழந்தார். மூன்று பொதுத் தேர்தல்களில் வென்று, பதினோரு ஆண்டுகள் ஆண்டவர். அவரை இறக்கியது எதிர்க்கட்சியல்ல, சொந்தக் கட்சியின் உறுப்பினர்கள். பலமானவரையும் கேள்வி கேட்டு இறக்க முடியும் என்பதுதான் இந்த முறையின் உயிர். 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு வரைவை அவையில் முன்வைத்துப் பேசிய அண்ணல், நிலைத்தன்மையைவிடப் பொறுப்புடைமையே முக்கியம் என்பதால்தான் நாடாளுமன்ற முறையைத் தேர்ந்ததாக விளக்கினார்.

பலவீனமான ஆட்சியெல்லாம் நல்ல ஆட்சி என்று நான் சொல்லவில்லை. அடுத்து வந்த சந்திரசேகர், காங்கிரசின் தயவில் பிழைத்தவர். அவர் ஆட்சியில்தான் 1991 ஜனவரியில் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது. யார் தயவில் ஆட்சி நிற்கிறது, அதற்கு விலையாக எதைக் கேட்கிறார்கள் என்பதே கேள்வி. வி.பி.சிங் கொடுத்த விலை அவருடைய பதவி. 27 விழுக்காடோ போகவில்லை. 1992 நவம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

வகுப்பில் இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நாங்கள் உட்கார்ந்திருந்தது மேலூர் வட்டத்தில். இதே வட்டத்தில்தான் மேலவளவு இருக்கிறது. 1996இல் அந்த ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டலாலும் வன்முறையாலும் தடைபட்ட தேர்தல், கடைசியில் காவல்துறைப் பாதுகாப்போடு நடந்து முருகேசன் வென்றார். 1997 ஜூன் 30 அன்று, மதுரையிலிருந்து பேருந்தில் ஊர் திரும்பியபோது, அவரோடு சேர்த்து ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இதே மாவட்டத்தின் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 2006 வரை தலித் தலைவரைப் பதவியில் இருக்கவே விடவில்லை. வென்றவரைக் கையோடு ராஜினாமா செய்ய வைத்தார்கள். இங்கெல்லாம் எந்த அவையில் வாக்கெடுப்பு நடந்தது?

டெல்லியில் ஒரு பிரதமர் 346 வாக்குகளால் பதவி இழக்கிறார். பிறகு பதினெட்டு ஆண்டுகள் வாழ்கிறார். மேலவளவில் ஒரு தலைவர் வாக்குகளால் பதவி பெற்று, அதற்காகவே உயிரை இழக்கிறார். நாடாளுமன்ற முறை நாடாளுமன்றத்தில் மட்டும் இருந்தால் போதாது. தோற்றவர் வென்றவரை ஏற்பது ஊராட்சியிலும் நடக்க வேண்டும். மண்டலைக் கொண்டாடும் பிற்படுத்தப்பட்ட தோழர்களிடம் இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை: டெல்லியில் பங்கு கேட்கும் நாம், நம் ஊரில் தலித் ஒருவரின் தலைமையை ஏற்கிறோமா?

2023 நவம்பர் 27 அன்று சென்னை மாநிலக் கல்லூரி வளாகத்தில் வி.பி.சிங் சிலை திறக்கப்பட்டது. எதற்குச் சிலை என்று கேட்ட தங்கை, நான் பேசி முடித்ததும் குறிப்பேட்டை மூடவில்லை. "மேலவளவு பத்தி பரிட்சையில கேப்பாங்களாக்கா?" என்றாள்.

கேட்க மாட்டார்கள் என்றேன். பரவாயில்லை என்று எழுதிக்கொண்டாள்.