பால் துளியின் மகுடம்



உணவுப் பொருள்களின் உறைகளிலும் விளம்பரங்களிலும், பால் துள்ளியெழுந்து மகுடம்போல் நிற்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அம்மகுடம் ஓவியனின் கற்பனை அன்று. மெல்லிய படலமாகப் பரப்பிய பாலின்மீது ஒரு துளி விழும்போது, பால் வட்டச் சுவராக எழுகிறது. சுவரின் விளிம்பு, பரப்பு இழுவிசையினால் முத்துமுத்தாகப் பிரிகிறது. ஆனால் நம் கண் காணுமுன்னரே அனைத்தும் அடங்கிவிடுகிறது.

இதனைப் படம் பிடிப்போர் அறையை இருளாக்கி, காமிராவின் கண்ணைத் திறந்து வைத்துத் துளியை விழச் செய்வர். உரிய கணத்தில் பிளாஷ் விளக்கு ஒருமுறை பளிச்சிடும். நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரமே நிற்கும் அவ்வொளியில், பாயும் பாலும் உறைந்ததுபோல் பதிவாகிறது. அமெரிக்கப் பொறியியற் பேராசிரியர் ஹெரால்டு எட்ஜர்ட்டன் 1930-களிலிருந்து இம்முயற்சியில் ஈடுபட்டார். செந்நிறப் பின்னணியில் அவர் 1957-இல் எடுத்த பால் மகுடத்தின் வண்ணப்படம் உலகப் புகழ் பெற்றது.

அவருக்கு முன்னோடி, ஆர்தர் வொர்த்திங்டன் என்னும் ஆங்கிலேய அறிவியலறிஞர். 1870-களில் ஆய்வைத் தொடங்கிய அவர், இருளில் மின்பொறியின் ஒளியில் கணநேரம் கண்டதைக் கையால் வரைந்தார். பல ஆண்டுகளாக அவர் வரைந்த மகுடங்கள் எப்பக்கமும் ஒத்த சீரான வடிவங்களாகவே அமைந்தன. 1894-இல் அக்காட்சியைப் புகைப்படமாகவே எடுக்க இயன்றபோதோ, ஒருபுறம் உயர்ந்து மறுபுறம் தாழ்ந்த மகுடங்களைக் கண்டார். மனம் எதிர்பார்த்த ஒழுங்கையே கண்ணும் கண்டிருந்தது! அவர் அதனை மறைக்கவில்லை. உண்மையை வெளிப்படையாகவே எழுதி, புதிய படங்களை வெளியிட்டார்.

நம் இல்லங்களில் நிகழ்வதும் இதுவே அன்றோ? கணவன் இப்படி, மனைவி இப்படி, மருமகள் இப்படி என்று மனத்தில் ஒரு படம் வரைந்துகொள்கிறோம். பிறகு அப்படத்தையே பார்க்கிறோம். எதிரே நிற்பவரைப் பார்ப்பதில்லை. மதிப்பெண் குறைந்த மகன், இரவில் பாட்டியின் கால்களைப் பிடித்துவிடுவதை எத்தனை பெற்றோர் கவனிக்கின்றனர்?

ஈசாயின் மூத்த மகன் எலியாபின் உயரத்தைக் கண்டு, இவனே அரசன் என்று சாமுவேலும் எண்ணினார். இறைவன் தெரிந்துகொண்டதோ, ஆடு மேய்க்கச் சென்றிருந்த இளையவன் தாவீதை. இறைவாக்கினரின் கண்ணும் ஏமாந்ததெனில், நம் கண் எம்மாத்திரம்?

இம்மாதம் ஒருநாள், மாலைச் செபம் முடிந்தபின் உடனே எழுந்துவிடாதீர்கள். உங்களுடன் முழந்தாளிட்டிருக்கும் ஒவ்வொருவரையும் சற்றே உற்று நோக்குங்கள். நாம் வரைந்த படத்தை அல்ல, ஆண்டவர் படைத்த ஆளைக் காணும் ஒளியை அவரிடமே கேட்போம். அம்மகுடம் ஒருபுறம் தாழ்ந்திருக்கலாம்; ஆயினும் அதுவே மெய்யானது; நமக்கு அளிக்கப்பட்டதும் அதுவே.