மளிகைக் கடைக்காரர் மருத்துவர் ஆகலாமா?



ஆலத்தூர் நாட்டில் கடை வைத்திருக்கும் நம்மிடம் மிளகும் காப்பியும் எடை போட வருகிறவர்கள் விலையை மட்டும் கேட்டுவிட்டுப் போவதில்லை. "கால் வீங்குதுங்க, என்ன பண்ணலாம்?" "ராத்திரி படுத்தா மூச்சு முட்டுது, மாத்திரை இருக்குதா?" என்றும் கேட்கிறார்கள். 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி டாக்டரைப் பார்ப்பதைவிடக் கடைக்காரரைக் கேட்பது சுலபம். கேட்கிறவர்கள் மேல் குற்றமில்லை. நாம் சொல்லும் பதிலைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

சென்ற ஆண்டு, என் கடைக்கு வழக்கமாக மிளகு போடும் பெரியவர் மூட்டுவலி மாத்திரை கேட்டார், கொடுத்தேன். உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். இந்துப்பு எடுத்துக் கொடுத்தேன். பத்தாம் நாள் மூச்சுத் திணறலோடு அவரை 108 வண்டியில் ஏற்றினோம். பிழைத்துக்கொண்டார். என் சரக்குதான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. ஆனால் அவர் விளக்கியதைக் கேட்ட பிறகு எனக்கு மனம் ஆறவில்லை.

பெரியவருக்கு இருந்தது இதயச் செயலிழப்பு. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இதயம் நின்றுவிட்டது என்று பொருள் அல்ல. இரத்தத்தைத் தள்ளும் வேலை பலவீனப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அதனால் உடலில் நீர் தேங்கிக் கால் வீங்குகிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது. மாரடைப்பு வேறு, இது வேறு. ஆனால் மாரடைப்பு வந்தவர்களுக்கு இது பின்னால் வரக்கூடும். எக்கோ சோதனையில் தெரிந்துவிடும். தொடர்ந்து மருந்து சாப்பிட்டுப் பல ஆண்டுகள் நடமாடுகிறவர்கள் உண்டு.

நம் கடைச் சரக்குக்கு வருவோம். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் உடலில் நீரைத் தேக்கி இந்த நோயை முற்ற வைக்கும். ஆயிரம் பேருக்கு மேற்படாத கிராமங்களில் சில வீட்டு மருந்துகளை உரிமமின்றி விற்க விதி இடம் தருகிறது. டைக்ளோஃபெனாக் அந்தப் பட்டியலில் இல்லை. இந்துப்பும் பெரும்பாலும் சாதாரண உப்பேதான். 'சோடியம் குறைந்தது' என்று வரும் பாக்கெட் உப்பில் பொட்டாசியம் இருக்கிறது. ஸ்பைரனோலாக்டோன், எனலாப்ரில் போன்ற மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு அதுவே இதயத் துடிப்பைக் கெடுக்கலாம். அப்பளம், ஊறுகாய், கருவாடு மூன்றிலும் உப்பு மிகுதி என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

அரைகுறைச் செய்தி எப்படிக் கெடுக்கும் என்பதற்கு இன்னொரு உதாரணம். டாபாகிளிஃப்ளோசின் என்பது சர்க்கரை நோய்க்காக வந்த மாத்திரை. சர்க்கரை இல்லாத இதய நோயாளிகளுக்கும் அது பயன்படுகிறது என்பது 2019-இல் வெளியான பெரிய ஆய்வில் தெரிந்தது. இந்தியாவில் காப்புரிமை முடிந்து விலையும் இறங்கிவிட்டது. ஆனால் "எனக்குச் சர்க்கரையே இல்லையே, இது எதற்கு?" என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு நாமும் தலையாட்டக் கூடாது.

பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, தேன் காய்ச்சிக் குடித்தால் இதய அடைப்பு கரையும் என்று கைப்பேசியில் செய்தி வருகிறது. நான்கும் நம்மிடம் விற்கிற சரக்குதான்; தாராளமாக விற்கலாம். மருந்து என்று சொல்லி விற்கக் கூடாது. இதய நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. அப்படிப்பட்ட நோட்டீஸை யார் கொண்டு வந்தாலும் கடையில் ஒட்ட இடம் கொடுக்காதீர்கள்.

பிறகு யாரிடம் கேட்கச் சொல்வது? 104-க்குப் போன் செய்தால் மருத்துவ ஆலோசனை கிடைக்கும். செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. 2022-இல் நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. ஆஸ்பத்திரிச் சீட்டையும் எக்கோ ரிப்போர்ட்டையும் ஒரே பையில் போட்டு வைத்து, போகும்போதெல்லாம் எடுத்துப் போகச் சொல்லுங்கள். மூச்சு முட்டினால் யோசனை வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

நம்மால் ஆகக்கூடிய உதவி ஒன்று உண்டு. இந்த நோயாளிகள் தினமும் காலையில், சாப்பிடுவதற்கு முன், எடை பார்க்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் உடலில் நீர் கூடுகிறது என்று அர்த்தம். உடனே டாக்டரிடம் போக வேண்டும். மலையில் எத்தனை வீட்டில் எடை மெஷின் இருக்கிறது? மூட்டை நிறுக்கும் முத்திரையிட்ட தராசு நம் கடையில் இருக்கிறதே! கடை திறந்ததும் அவர்களை ஏற்றி நிறுத்தி, எடையை ஒரு நோட்டில் குறித்துக் கொடுக்க நமக்கு என்ன செலவு?

அந்தப் பெரியவர் இப்போது தினமும் என் கடைத் தராசில் ஏறி நிற்கிறார். வலி மாத்திரை கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். நம் சங்க உறுப்பினர்கள் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.